பகலில் வராத நோய்: பொது மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் நாள்தோறும் புறநோயாளிகளைப் பார்த்துவரும் பொது மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் காவிரிப் படுகையிலுள்ள ஓர் ஊரில் அரசு மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். வயது 53. பிள்ளைகளின் கட்டுரைகளில் சிவப்பு மையால் பிழை திருத்தியே வாழ்நாளில் பாதியைக் கழித்துவிட்டவள் என்பதால், யார் எந்தச் சொல்லை எந்த இடத்தில் போடுகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கூடுதலான கவனம் உண்டு. அந்தக் கவனத்தோடுதான், நீங்கள் நோயாளிகளிடம் அன்றாடம் பலமுறை சொல்லும் ஒரு தொடரைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். ‘ஒண்ணும் இல்ல’ என்பதே அது.

‘இல்லை’ என்பது குறிப்பு வினைமுற்று என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். வந்தான், வருகிறான், வருவான் என்பனபோல் அது காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. ‘நெஞ்சில் ஒன்றும் இல்லை’ என்று நீங்கள் சொல்லும்போது, ஈ.சி.ஜி. எடுத்த அந்தப் பத்து நொடியில் இல்லை என்கிறீர்களா, பகலில் இல்லை என்கிறீர்களா, எப்போதுமே இல்லை என்கிறீர்களா என்பது அந்தச் சொல்லில் தெரியாது. நீங்கள் முதற்பொருளில் சொல்கிறீர்கள். நாங்கள் மூன்றாம் பொருளில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். அன்றிரவே அந்த மூச்சுத்திணறல் மறுபடியும் வரும்போது, இல்லாத ஒன்று எப்படி வந்தது என்ற கேள்வியும் கூடவே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறது.

ஈராண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு, யாரோ குரல்வளையில் பெருவிரலை வைத்து அழுத்தியதுபோல் திடுக்கிட்டு விழித்தேன். மூச்சு உள்ளே போகவில்லை. எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து, பெரிய கேவலைப் போன்ற ஓசையோடு காற்றை இழுத்த பிறகுதான் உயிர் திரும்பியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது; நெற்றியிலும் பிடரியிலும் வியர்வை; விரல்கள் நடுங்கின. கூடத்தைக் கடந்து ஓடி, வாசல் தாழ்ப்பாளைத் திறந்து திண்ணையில் நின்றேன். தெருவிளக்கின் கீழே படுத்திருந்த நாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி சுருண்டுகொண்டது. சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிட்டது. அடங்கிய பிறகு வந்த பயம்தான் பெரிது. உள்ளே போய்ப் படுக்கத் துணிவில்லாமல் விடியும்வரை திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டிருந்தேன்.

முதலில் வாரம் ஒருமுறை வந்தது, தை மாதத்துக்குள் வாரம் நான்கு நாள் என்றாகிவிட்டது. பெரும்பாலும் பின்னிரவு மூன்று, நான்கு மணி வாக்கில் வரும். அதற்கிடையே சிறுநீர் கழிக்க நான்குமுறை எழுந்திருப்பேன். காலையில் தலை கனத்து வலிக்கும். பள்ளியில் பிற்பகல் வகுப்பில் ஒரு பிள்ளை பாடலை ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது என் கண் சொருகும். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் தூங்கி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கப் பேருந்தைப் பிடித்து வந்த நாள்கள் உண்டு. ‘டீச்சர் வயசாயிடுச்சு’ என்று நடத்துநர் சிரித்தபோது நானும் சிரித்தேன்.

என் அம்மாவுக்கு வயது 79. இரவில் அவருக்கு உறக்கம் அவ்வளவாகக் கிடையாது; கூடத்தில் என் பக்கத்தில் பாயில் படுத்து, பாதி இரவு உட்கார்ந்தே இருப்பார். ‘அமுக்குவான் வந்து ஒக்காருதுடி’ என்று முதலில் அவர்தான் நோய்க்குப் பெயரிட்டார். தலையணைக்கு அடியில் அரிவாள்மணையின் உடைந்த இரும்பை வைத்தார். (படித்தவள் என்பதால் அதை எடுத்து வெளியே போட்டேன் என்று எழுத ஆசைதான், எடுக்கவில்லை. மூன்று மணிக்கு அறிவியல் கொஞ்சம் மெலிந்துதான் போகிறது.) மக்கள் அமுக்குவான் என்று சொல்வது பெரும்பாலும் வேறொன்று. கனவு காணும் உறக்கத்தில் உடல் தசைகள் இயல்பாகவே செயலிழந்திருக்க, மூளை மட்டும் முந்திக்கொண்டு விழித்துவிடுவதால் கையும் காலும் அசையாமல் கிடக்கும் நிலை அது. என்னால் அசைய முடிந்தது, ஓடவும் முடிந்தது, மூச்சுதான் இல்லை. இந்த வேறுபாட்டை என்னிடம் எந்த மருத்துவரும் கேட்கவில்லை; நானாகவே பின்னால் புரிந்துகொண்டது.

எங்கள் குடும்பத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மருத்துவரிடம்தான் முதலில் போனேன். அவர் பெயரையும் ஊரையும் இங்கே எழுதப் போவதில்லை. அவர்மீது குற்றம் சுமத்துவது இம்மடலின் நோக்கமும் இல்லை. கொரோனாக் காலத்தில் கதவைச் சாத்தாமல் எங்கள் தெருவைக் காத்தவர் அவர். ‘ராத்திரியில மூச்சு…’ என்று தொடங்கினேன். கை என் நாடியைப் பிடித்திருக்க, கண் அடுத்த டோக்கனைப் பார்த்திருக்க, அவர் பரிசோதனைகளை எழுதத் தொடங்கிவிட்டார். ஈ.சி.ஜி., எக்கோ, சர்க்கரை, இரத்தச்சோகை, தைராய்டு எல்லாம் எடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தன. இரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல். ‘ஒண்ணும் இல்ல டீச்சர். கேஸ்தான். கொஞ்சம் டென்ஷன். இந்த வயசுல பொம்பளைங்களுக்கு வர்றதுதான்’ என்றார். இரண்டாம் முறை போனபோதும் அதையே சொன்னார். மூன்றாம் முறை, ‘ரொம்ப யோசிக்கிறீங்க, நெட்டுல எதையும் படிக்காதீங்க’ என்று சேர்த்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை, கனிவுதான் இருந்தது. அந்தக் கனிவினால்தான் என்னால் எதிர்த்துக் கேட்க முடியவில்லை.

மூன்று முறையும் என் அம்மா கூட வந்திருந்தார். மூன்று முறையும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு நின்றுபோய்க் கிடந்த ஒவ்வொரு கணத்தையும் விழித்திருந்து கண்ட ஒரே சாட்சி, கதவுக்கு இந்தப் பக்கம் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முதனிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தரும் நேரம் சுவீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 நொடி என்று கணக்கிட்டது. அதில் இந்தியாவின் இடம் சுமார் இரண்டு நிமிடம். அறுபது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் நின்றவள் நான்; பின்வரிசைப் பிள்ளையின் முகம் தெரியாமல் போவது அலட்சியத்தால் மட்டும் நேர்வதில்லை என்பதை அறிவேன். ஆகவே நான் கேட்கப்போவது இருபது நிமிடத்தை அல்ல. அந்த இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு கேள்வியையும், ஒரு சொல்லின் திருத்தத்தையும்தான்.

அதற்கு முன், அந்த மூன்றாம் சந்திப்பில் தரப்பட்ட மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படபடப்பு அடங்கி உறக்கம் வர ஒரு சிறிய மாத்திரை எழுதித் தந்தார். நான் நன்றாக உறங்கினேன். மூன்று நாள் எதுவும் நடக்கவில்லை என்றே நினைத்தேன். நான்காம் நாள் காலையில் அம்மா காப்பித் தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, ‘அந்த மாத்திரைய நீ போடாத. முன்னெல்லாம் மூச்சு நின்னா நீயே முழிச்சுப்ப. இப்ப நிக்குது, நிக்குது, நின்னுகிட்டே இருக்கு. நான்தான் ஒன்னத் தட்டறேன்’ என்றார். அலாரத்தை நிறுத்திவிட்டு, தீ அணைந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தூக்க மாத்திரைகள் பலவும் தொண்டைத் தசைகளைத் தளர்த்தக்கூடியவை, மூச்சு நிற்கும்போது விழிக்க வைக்கும் அனிச்சையை மந்தமாக்கக்கூடியவை என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அது முதலிலிருந்தே தெரியும். குறட்டை விடுவீர்களா என்று கேட்காமல் அந்த மாத்திரையை எழுதக்கூடாது என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

அந்த நான்கு மாத இரவுகளை எப்படிக் கழித்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ‘ஒண்ணும் இல்ல’ என்று அனுப்பப்பட்ட ஒருவர் அதன்பின் என்ன செய்கிறார் என்பதை நீங்கள் பார்க்க வாய்ப்பில்லை. மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றும்போதே எனக்கு வயிற்றைப் புரட்டத் தொடங்கும். படுக்கையைத் தட்டிப் போடுவதைத் தள்ளிப்போட, இல்லாத வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்வேன். நடுநிசியில் வெண்கலப் பாத்திரங்களுக்குப் புளி தேய்த்த பெண்மணி எங்கள் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி உறங்கிப் பார்த்தேன். அதில் ஓரளவு நிம்மதி கிடைத்தது. மல்லாந்து படுத்த இரவுகள்தாம் மோசமானவை என்பதை நானே கண்டுகொண்டு, முதுகுப்பக்கம் இரண்டு தலையணைகளை அணைகட்டி ஒருக்களித்துப் படுத்தேன். இரவு உணவை ஏழு மணிக்கு முன் முடித்தேன். விழித்ததும் ஓடுவதை நிறுத்தி, கட்டில் விளிம்பில் கால் தரையில் பட உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து நாடியை எண்ணப் பழகினேன். எண்ணிக்கொண்டிருக்கும் ஒருத்தியால் அதே நேரத்தில் முழுமையாக அஞ்ச முடிவதில்லை என்பது என் அனுபவம்.

ஓர் இரவு தாங்க முடியாமல் 108-ஐ அழைத்தேன். வண்டியில் வந்த இளைஞர் மிகப் பண்பானவர். அவர் என் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டியபோது ஆக்சிஜன் அளவு 97 என்று காட்டியது. அதற்குள் நான் விழித்து கால்மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் தவறேதும் சொல்லவில்லை. ‘நார்மலா இருக்கும்மா’ என்றார். பக்கத்து வீட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. மறுநாள் காலை தலைநிமிர்ந்து தெருவில் நடக்கக் கூசியது. அந்த வெட்கத்தால் அதன்பின் நான் யாரையும் அழைக்கவில்லை. அதுதான் ஆபத்தான பகுதி என்று இன்று தோன்றுகிறது. பலமுறை ‘நார்மல்’ என்று கேட்டுப் பழகிய நோயாளி, உண்மையிலேயே மாரடைப்பு வரும் இரவிலும் பக்கத்து வீட்டு விளக்கை எண்ணிக்கொண்டு படுத்திருப்பாள்.

ஆசிரியை என்பதால் இயல்பாகவே ஒரு குறிப்பேடு போட்டேன். விழித்த நேரம், எப்படிப் படுத்திருந்தேன், என்ன உண்டேன், உட்கார்ந்ததும் சரியானதா, இருமல் உண்டா, வாய் புளித்ததா, நாடி எத்தனை, எவ்வளவு நேரத்தில் அடங்கியது என்று கட்டம் போட்டு எழுதினேன். என் அண்ணன் மகன் பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது, அம்மாவின் ஏற்பாட்டில், நான் உறங்கும்போது கைப்பேசியில் படம் பிடித்தான். முழுமையாக அதைப் பார்க்க எனக்குப் பத்து நாள் பிடித்தது. பெரிய குறட்டை, திடீரென்று அமைதி, அமைதிக்குள் மார்பும் வயிறும் ஒன்றோடொன்று இழுபறியாய்ப் போராடுகின்றன, காற்று போகும் ஓசை இல்லை, பின்னணியில் அம்மாவின் குரல் ‘ஒண்ணு, ரெண்டு…’ என்று எண்ணுகிறது. முப்பத்தொன்றில் நான் தூக்கிவாரிப் போட்டு மூச்சிழுக்கிறேன்.

இன்னொரு மருத்துவரைப் பார்க்கலாம் என்று சக ஆசிரியை ஒருவர் சொன்னபோதும் நான் உடனே போகவில்லை. சிறு ஊரில் குடும்ப மருத்துவரை விட்டு வேறொருவரிடம் போவது, பழகிய கடையை விட்டுப் பக்கத்துக் கடையில் மளிகை வாங்குவது போன்றதில்லை. அவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்ற எண்ணம் காலைப் பிடித்திழுத்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தில், இரண்டாம் கருத்துக் கேட்பதும் தன் மருத்துவப் பதிவுகளின் நகலைப் பெறுவதும் நோயாளியின் உரிமைகளாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. இதை நீங்களே உங்கள் வாயால், ‘வேண்டுமானால் இன்னொருவரிடமும் காட்டுங்கள், நான் தவறாக நினைக்க மாட்டேன்’ என்று சொன்னால், எங்களுடைய எத்தனையோ மாதங்கள் மிச்சமாகும்.

கடைசியில் மாவட்டத் தலைநகரில் ஒரு நெஞ்சக நோய் மருத்துவரிடம் போனோம். அங்கும் கூட்டம் குறைவில்லை. நான் ‘ராத்திரியில மூச்சு…’ என்று தொடங்கியதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘ராத்திரியில உங்க பக்கத்துல யார் படுக்கிறாங்க?’ என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இம்மடலையே எழுதுகிறேன். ‘அம்மா’ என்றேன். ‘வந்திருக்காங்களா? கூப்பிடுங்க’ என்றார். அம்மா உள்ளே வந்து, பிளாஸ்க்கை மேசைமேல் வைத்துவிட்டு, என் குறட்டையையும் அதன் நிறுத்தத்தையும் கேவலையும் நடித்தே காட்டிவிட்டார். செவிலியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார். மருத்துவர் சிரிக்கவில்லை. ‘எத்தனை எண்ணுவீங்க பாட்டி?’ என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம் ஆகியிருக்கலாம்.

உறக்க ஆய்வுக்காக ஓரிரவு அங்கேயே தங்கினேன். தலையில் மின்முனைகள், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கவ்வி. இத்தனையோடு யார் உறங்குவார்கள் என்று நினைத்த நான் பத்து நிமிடத்தில் உறங்கிவிட்டேனாம். பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு நிகழ்வாக எண்ணுகிறார்கள். மூச்சு கணிசமாகக் குறைந்து இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குவதும் கணக்கில் சேரும். ஒரு மணி நேரத்துக்கு ஐந்துக்குக் கீழ் என்றால் கவலையில்லை. முப்பதைத் தாண்டினால் கடுமை. எனக்கு 34. ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 74 வரை இறங்கியிருந்தது. ஸ்லீப் ஆப்னியா, அதாவது உறக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடும் நோய் என்றார்கள்.

அதன் செயல்பாட்டை உங்களுக்கு விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். எனினும் நோயாளி தன் நோயை எப்படிப் புரிந்துகொண்டாள் என்பதும் உங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து நாவின் அடிப்பகுதி பின்னால் சரிய, பாதை மூடிக்கொள்கிறது. மார்பு இழுத்துப் பார்க்கிறது; காற்று வருவதில்லை. ஆக்சிஜன் இறங்க, மூளை அபாயச் சங்கை ஊதுகிறது. அந்தச் சங்கின் பெயர்தான் அட்ரினலின். ஆகவே நான் விழித்த கணத்தில் என்னிடம் இருந்த படபடப்பும் வியர்வையும் நடுக்கமும் பதற்ற நோயின் முகத்தோடு அப்படியே ஒத்துப்போயின. கனவு காணும் உறக்கம் விடியலை நெருங்கும்போது நீளுவதாலும், அந்த உறக்கத்தில் தசைகள் இன்னும் தளர்வதாலும்தான் என் மூன்று மணி. அடைபட்ட மூச்சை இழுக்கும் முயற்சியில் இதய அறை விரிந்து, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரப்பதால்தான் என் நான்குமுறை எழுச்சி. விழித்ததும் தசைகள் இறுகிப் பாதை திறந்துகொள்ளும். சில நொடிகளில் ஆக்சிஜன் சரியாகிவிடும். காலை பத்து மணிக்கு உங்கள் அறைக்கு வருவதற்குள் அந்நோய் தன் தடயத்தைத் தானே துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கும். உங்கள் பரிசோதனைகள் பொய் சொல்லவில்லை. அவை பகலைப் பற்றி மட்டும் பேசின.

இந்த நோயை மருத்துவம் கண்டுகொண்ட கதையும் எனக்கு ஆறுதலாக இருந்தது. பகல் முழுதும் தூங்கி வழியும் பருத்த நோயாளிகளை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். 1956-இல் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். இரத்தத்தில் கரியமில வாயு மிகுவதே தூக்கத்துக்குக் காரணம் என்று எண்ணினார்கள். 1965-இல் பிரான்சின் மார்செய் நகரில் காஸ்டோ குழுவினரும், ஜெர்மனியில் யுங், குலோ ஆகியோரும் தனித்தனியே, அத்தகைய நோயாளிகள் உறங்கும்போது இரவு முழுதும் பதிவுசெய்து பார்த்த பிறகுதான் மூச்சு திரும்பத் திரும்ப நின்றுபோவது தெரியவந்தது. பக்கத்தில் ஒருவர் விழித்திருந்ததால் கண்டுபிடிக்கப்பட்ட நோய் இது. என் அம்மா செய்ததையும் நான் அந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறேன், அவரிடம் கருவிகள் இல்லை என்பதைத் தவிர.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குறட்டை என்றதும் தொப்பை பெருத்த ஓர் ஆண் உங்கள் மனக்கண்ணில் வருவது இயல்பு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடுவயதினரை ஆராய்ந்து 1993-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்விலேயே, மணிக்கு ஐந்துமுறையோ அதற்கு மேலோ மூச்சுத் தடைபடுவது ஆண்களில் 24 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 9 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. அதே ஆய்வாளர்கள் 1997-இல், நடுத்தரமாகவோ கடுமையாகவோ இந்நோய் உள்ள பெண்களில் 93 விழுக்காட்டினர் கண்டறியப்படாமலே இருக்கிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது கூடுகிறது. அவர்கள் ‘குறட்டை விடுகிறேன்’ என்று வந்து நிற்பதில்லை. அசதி, தலைவலி, தூக்கமின்மை, எரிச்சல் என்றுதான் வருகிறார்கள். குறட்டை விடும் பெண் என்பது எங்கள் வீடுகளில் கேலிக்குரிய பொருள். பெண் பார்க்க வரும்போது மறைக்கப்படும் செய்திகளுள் ஒன்று. போதாததற்கு, கணவனுக்குக் குறட்டை இருந்தால் மனைவி மருத்துவரிடம் முறையிடுகிறாள். மனைவிக்கு இருந்தால் கணவன் பாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறான். கணவனை இழந்தவர்களுக்கும் விடுதியில் தனியறையில் வசிப்பவர்களுக்கும் முறையிட யாருமே இல்லை. ‘இந்த வயசுல பொம்பளைங்களுக்கு வர்றதுதான்’ என்று நீங்கள் சொல்வது ஒருவகையில் உண்மைதான். வருவது எது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதே நான் கேட்பது.

இரவில் மூச்சு முட்டி எழும் எல்லாருக்கும் இதே நோய்தான் என்று வாதாட நான் வரவில்லை. படுத்து ஓரிரு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து, உட்கார்ந்தால் மெல்ல மெல்ல அடங்குவது இதயம் தளர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். பிள்ளை பெற்ற சில வாரங்களில் ஒரு பெண் ‘படுக்க முடியவில்லை’ என்று சொன்னால் அதைப் பிரசவ அசதி என்று தள்ளிவிடுவது உயிருக்கே உலை வைக்கும். விடியற்காலையில் இழுப்பு மிகுவது ஆஸ்துமாவின் குணம். இன்சுலின் போடுபவர் நள்ளிரவில் வியர்த்துக் கெட்ட கனவோடு எழுந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். எதுக்களிப்பும் உண்டு; அந்த வகையில் ‘கேஸ்’ என்பதும் சிலருக்குச் சரியாகவே இருக்கும். உறக்கத்தின் நடுவில் வரும் பீதித் தாக்குதலும் உண்டு. அதுவாகவே இருந்தாலும், அதற்கும் பெயர் உண்டு, மருந்து உண்டு, பேச்சுவழி மருத்துவம் உண்டு. ‘டென்ஷன்’ என்பது ஒரு நோயறிதல் என்றால் அதற்கான சிகிச்சையைத் தொடங்குங்கள். அது வெறும் வழியனுப்பும் சொல்லாக இருக்க வேண்டாம். மனநோய் என்று சொன்னால் நான் வருந்தியிருக்க மாட்டேன். ஒன்றுமே இல்லை என்று சொன்னதால்தான் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அஞ்சினேன்.

ஆகவே இரவுத் தொல்லை என்று யாராவது வந்தால், பக்கத்தில் படுப்பவர் யார் என்று கேளுங்கள்; அவர் வெளியே உட்கார்ந்திருந்தால் உள்ளே அழையுங்கள்; யாரும் இல்லை என்றால் கைப்பேசியில் ஓரிரவு ஒலிப்பதிவாவது செய்து கொண்டுவரச் சொல்லுங்கள். விழித்ததும் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். உட்காருகிறாரா, சன்னலைத் திறக்கிறாரா, இருமுகிறாரா, இனிப்பைத் தேடுகிறாரா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பரிசோதனைகளில் எதுவும் கிடைக்கவில்லை என்றால், ‘ஒண்ணும் இல்ல’ என்பதற்குப் பதிலாக, ‘இன்னிக்குப் பார்த்ததுல ஒண்ணும் தெரியல, ராத்திரிய இன்னும் பார்க்கல’ என்று சொல்லுங்கள். பிழை திருத்துகிறவளாகச் சொல்கிறேன், தமிழில் கூடுதலாகச் சில சொற்கள்தாம். அதோடு, இன்றிரவு எப்படிப் படுக்க வேண்டும், எது நேர்ந்தால் காத்திராமல் உடனே வர வேண்டும், எத்தனை நாளில் திரும்ப வர வேண்டும் என்பதையும் சீட்டின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். மாத்திரையின் பெயரைப் படிக்கத் தெரியாதவர்களும் அந்த ஓரக்குறிப்பை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.

உங்களுள் அரசுப் பணியில் இருப்பவர்களிடம் இன்னொன்று. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண்கள், வீட்டுக்குள்ளேயே வருகிறார்கள். பக்கத்தில் படுப்பவர் அங்கேயே இருப்பார். எத்தனை மாத்திரை போட்டும் இறங்காத இரத்த அழுத்தத்துக்குப் பின்னால் இந்நோய் ஒளிந்திருப்பதுண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். குறட்டையையும் மூச்சு நிற்பதையும் பற்றி ஒரு கேள்வியை அவர்களுடைய பதிவேட்டில் சேர்க்க நீங்கள் பரிந்துரைக்கலாம். செலவில்லாத வேலை.

இப்போது நான் முகமூடி அணிந்து உறங்குகிறேன். மூக்கின் வழியே மென்மையாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் கருவி அது. ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் ஐந்து நோயாளிகளிடம் இதைச் சோதித்து 1981-இல் எழுதினார். முதல் வாரம் மூக்கில் புண் வந்தது, இரண்டாம் வாரம் கழற்றி எறிந்தேன், மூன்றாம் வாரம் பழகிவிட்டது. நல்ல குளிர்பதனப் பெட்டி ஒன்றின் விலை. எல்லாராலும் வாங்க முடியாது என்பது வேறொரு மடலுக்குரிய குறை. அறிக்கையின் நகலை எங்கள் குடும்ப மருத்துவரிடமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும் நின்று படித்தார். ‘சரி’ என்றார். பிறகு, ‘சரிதான் டீச்சர்’ என்றார். அதற்குள் அடுத்த டோக்கனை அழைத்துவிட்டார்கள். இரத்த அழுத்தத்துக்கு இன்றும் அவரிடம்தான் போகிறேன். மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்.

அம்மாவுக்குத்தான் புதுத் தொல்லை. இத்தனை நாள் கேட்டுப் பழகிய சத்தம் நின்றுபோனதால் அவருக்கு உறக்கம் இன்னும் குறைந்துவிட்டது. நடுநிசியில் எழுந்து உட்கார்ந்து, முகமூடியின் துளை வழியே காற்று வருகிறதா என்று விரலை நீட்டிப் பார்க்கிறார். அந்தச் சில்லென்ற காற்று பட்டதும் திருப்தியாகப் படுத்துக்கொள்கிறார். உங்களில் யாராவது கூப்பிட்டுக் கேட்டால், என் குறட்டையை இன்னொருமுறை நடித்துக் காட்டத் தயாராக இருப்பதாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
காவிரிப் படுகையிலிருந்து ஒரு தமிழாசிரியை